கார்பன் சைக்கிள் விரிசல் விட்டால் யார் பொறுப்பு?

ஒரு சைக்கிளின் விலை 3 லட்சம் ரூபாய்!

"சைக்கிளுக்கா இந்த விலை?" என்று மூக்கில் விரலை வைக்காதீர்கள். லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட சைக்கிள்கள் இன்று சென்னையிலும் கோவையிலும் ஓடுகின்றன. 10 லட்சத்தைத் தாண்டிய சைக்கிள்களும் உண்டு. இவற்றில் பலவற்றின் பிரேம் கார்பனால் ஆனது.

சம்பாதிக்கும் இளைஞர்கள் இதை வாங்குகிறார்கள். பந்தயத்தில் ஓட ஆசைப்படும் பிள்ளைக்காகக் கடன் வாங்கிப் பணம் கட்டும் பெற்றோரும் உண்டு.

விற்கும்போது கம்பெனி ஒரு காகிதம் கொடுக்கிறது. "பிரேமுக்கு ஆயுள் காரண்டி" என்று பல கம்பெனிகளின் காகிதத்தில் இருக்கும். படித்ததும் மனம் குளிர்ந்து விடும்.

ஓராண்டு கழித்துப் பிரேமில் விரிசல் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவர் கடைக்கு ஓடுகிறார். கடைக்காரர் படம் பிடித்துக் கம்பெனிக்கு அனுப்புகிறார். சில வாரம் கழித்துப் பதில் வருகிறது:

"இது தயாரிப்புக் குறை அல்ல. எங்கேயோ மோதி இருக்கிறீர்கள். காரண்டி செல்லாது!"

"நான் எங்கும் மோதவில்லையே!"

"மோதவில்லை என்பதற்கு என்ன சாட்சி?"

இந்த இடத்தில்தான் ஆயுள் காரண்டியின் ஆயுள் முடிந்து போகிறது.

குறை இருந்தால், அது பிரேமுக்கு உள்ளே ஒளிந்து இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் கருவியும் அறிவும் கம்பெனியிடம் இருக்கின்றன. ஆனால், நிரூபிக்கும் பாரம் மட்டும் வாங்கியவர் தலையில்! இது நியாயம் அல்ல என்பதே என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

கரியில் சைக்கிளா?

கார்பன் என்றால் கரி. கரியில் எப்படிச் சைக்கிள் செய்ய முடியும்?

ஒருவகைச் செயற்கை நூலை எடுத்துக்கொள்கிறார்கள். அதை முதலில் 200 முதல் 300 டிகிரி வரை சூடு காட்டிப் பதப்படுத்துகிறார்கள். பிறகு காற்றுப் படாமல் 1,000 டிகிரிக்கு மேல் சுடுகிறார்கள். மற்றப் பொருள்கள் எல்லாம் ஓடிவிடும். கரி மட்டும் இழையாக நிற்கும். இதுதான் கார்பன் இழை.

இந்த இழை மிகமிக மெல்லியது. ஏறக்குறைய 10 இழைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஒரு தலைமயிரின் கனம் வரும். ஆனால், இழுத்துப் பார்த்தால் எஃகையும் மிஞ்சும் பலம்!

இழைகளை எபாக்சி என்ற பசையில் தோய்த்துத் துணி போல ஆக்குகிறார்கள். அந்தத் துணியைத் துண்டு துண்டாக வெட்டுகிறார்கள். ஒரு பிரேமுக்கு நூற்றுக்கணக்கான துண்டுகள் பிடிக்கும். ஒவ்வொரு துண்டையும் எந்த இடத்தில், எந்தத் திசையில், எத்தனை அடுக்கு வைக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. தொழிலாளர்கள் அவற்றைக் கையால் அடுக்குகிறார்கள். பிறகு அச்சில் வைத்து, உள்ளே ஒரு பையில் காற்றை நிரப்பி அழுத்துகிறார்கள். சூடு ஏற்றுகிறார்கள். பசை இறுகி, பிரேம் உருவாகிறது.

நல்ல பந்தயச் சைக்கிளின் பிரேம் 1 கிலோவுக்கும் குறைவாக இருக்கும். நம் ஊர்ப் பழைய இரும்புச் சைக்கிளோ, முழு வண்டியாக 20 கிலோவை நெருங்கும். பந்தயச் சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக் கூடாது என்று உலகச் சைக்கிள் சங்கமே விதி போட வேண்டி வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

1986-ம் ஆண்டில் அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட், பிரான்சு நாட்டின் புகழ் பெற்ற 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்தில் வெற்றி பெற்றார். அவர் ஓட்டியது கார்பன் குழாய்கள் கொண்ட சைக்கிள். மறு ஆண்டே, 1987-ல், தைவான் நாட்டின் 'ஜயன்ட்' கம்பெனி கார்பன் சைக்கிளைப் பெரிய அளவில் செய்து விற்கத் தொடங்கியது. இன்று அமெரிக்கப் பெயரும் ஐரோப்பியப் பெயரும் தாங்கிய பல பிரேம்கள் தைவானிலும் சீனாவிலும்தான் உருவாகின்றன.

என்ன குறை வரும்?

கையால் அடுக்கும் வேலை. கை தவறுவது உண்டு.

அடுக்குக்கு நடுவே காற்றுக் குமிழி நின்றுவிடலாம். துணி மடிந்து சுருக்கம் விழலாம். ஓர் இடத்தில் பசை அதிகமாகவும், மற்றோர் இடத்தில் குறைவாகவும் போகலாம். ஓர் அடுக்கு விட்டுப்போகலாம். பெடல் அச்சு பொருந்தும் குழி வட்டம் தப்பி இருக்கலாம். அப்படி இருந்தால், மிதிக்கும்போது 'கிறீச், கிறீச்' என்று சத்தம் கேட்கும்.

கார்பனோடு அலுமினியத் துண்டுகளை ஒட்டும் இடம் ஒன்று உண்டு. ஒட்டு சரியாகப் பிடிக்காவிட்டால் கழன்றுவிடும். இரண்டுக்கும் நடுவே தடுப்பு சரியாக இல்லாமல் ஈரமும் சேர்ந்தால், அலுமினியம் அரித்துப்போகும்.

இவ்வளவுக்கும் மேலே பளபளவென்று பெயிண்ட்! கடையில் நிற்கும் வாங்குபவர் கண்ணுக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது.

இரும்பிலும் குறை வரும். பற்றவைத்த இடம் விட்டுப்போகும். ஆனால் இரும்பு பெரும்பாலும் முதலில் வளையும், நெளியும். "என்னைக் கவனி" என்று சொல்லும். தெருமுனை ரிப்பேர் கடைக்காரர் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார். கார்பன் அப்படி அல்ல. அது இரும்பைப் போல வளைந்து கொடுக்காது. உள்ளே அடுக்கு பிரிந்து இருந்தாலும் வெளியே ஒரு மயிரிழைக் கோடுகூடத் தெரியாமல் இருக்கலாம். தாங்கும் வரை தாங்கும். பிறகு ஒரே நொடியில் முறியும். 40 கிலோமீட்டர் வேகத்தில் அது முறிந்தால் என்ன ஆகும்? பல்லும் போகலாம், உயிரும் போகலாம்.

ஆகவே இது பணக்காரர் வீட்டுப் பொம்மையைப் பற்றிய பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். ஓட்டுகிறவரின் உயிர் இதில் இருக்கிறது.

"சோதித்துத்தானே விற்கிறார்கள்?"

சோதனை உண்டு. சைக்கிளுக்கு 'ஐ.எஸ்.ஓ. 4210' என்ற உலகத் தர விதி இருக்கிறது. பிரேமைக் கருவியில் பூட்டி, பெடலை மிதிப்பது போல 1 லட்சம் தடவை அழுத்துகிறார்கள். 22.5 கிலோ எடையை மேலே இருந்து விழ வைக்கிறார்கள். பிரேம் தாங்கினால் தேறியது.

நல்ல விதிதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இப்படி அடிபட்ட பிரேமை யாரும் விற்பது இல்லை. அந்த மாதிரியில் சில பிரேம்களை எடுத்துத்தான் இந்தச் சோதனை செய்கிறார்கள். மாதிரி தேறியது என்றால், வடிவமைப்பு நல்லது என்று பொருள். உங்கள் வீட்டுக்கு வந்த பிரேமை அடுக்கியபோது கை தவறவில்லை என்பதற்கு அது சாட்சி ஆகாது.

சிறிய எழுத்தில் என்ன இருக்கிறது?

இனிமேல் காரண்டிக் காகிதத்தைத் திருப்பிப் பார்ப்போம். பெரிய எழுத்தில் "ஆயுள்" என்று இருக்கும். சிறிய எழுத்தில் வழக்கமாக இருப்பவை இவை:

முதலில் வாங்கியவருக்கு மட்டுமே முழுக் காரண்டி. இரண்டாம் கையாக வாங்கினால், பல கம்பெனிகளில் கிடையாது. சில கம்பெனிகளில் சில ஆண்டு மட்டும் உண்டு.

மோதல், கீழே விழுதல், தவறாகப் பூட்டுதல், இயல்பான தேய்மானம் ஆகியவற்றுக்குக் காரண்டி இல்லை.

பிரேமை மாற்றிக் கொடுத்தாலும், கழற்றிப் பூட்டும் கூலியை வாங்கியவரே தர வேண்டி வரலாம்.

பழைய மாதிரி கையிருப்பில் இல்லை என்றால், வேறு மாதிரி வரும். பழைய உதிரிப் பாகம் அதற்குப் பொருந்தாவிட்டால் அந்தச் செலவும் உங்களுடையதே!

"ஆயுள்" என்றால் யார் ஆயுள்? வாங்கியவர் ஆயுளா? சைக்கிளின் ஆயுளா? அதைக்கூடச் சில காகிதங்களில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

கம்பெனிக்காரர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சுவரில் மோதிவிட்டு, "தானாக விரிந்தது" என்று வந்து நிற்கும் ஆசாமிகளும் உண்டு. சீட்டுத் தண்டு பூட்டும் திருகை அளவுக்கு மேல் முடுக்கி, குழாயை நசுக்கிவிட்டு, கம்பெனியின் மேல் பழி போடுகிறவர்களும் உண்டு. எல்லோருக்கும் புதுப் பிரேம் கொடு என்றால் எந்தக் கம்பெனியும் தாங்காது. அந்தச் செலவும் அடுத்து வாங்குகிறவர் தலையில்தான் விழும்.

சரி, யார் சொல்வது மெய், யார் சொல்வது பொய் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பிரேமையே கேட்க வேண்டியதுதான்!

பிரேம் பேசும்

சந்தையில் மண்பானை வாங்கும் பெண்கள் என்ன செய்கிறார்கள்? விரலால் தட்டிப் பார்க்கிறார்கள். 'கணீர்' என்றால் நல்ல பானை. 'பொத்' என்றால் கீறல் விட்ட பானை. கார்பன் பிரேமுக்கும் இந்த வித்தை உண்டு. நாணயத்தால் மெல்லத் தட்டிப் பார்ப்பார்கள். அடுக்கு பிரிந்த இடத்தில் சத்தம் மந்தமாக இருக்கும்.

இது கை வைத்தியம். பெரிய வைத்தியமும் இருக்கிறது. காதுக்குக் கேட்காத ஒலி அலையைச் செலுத்தி, உள்ளே அடுக்கு பிரிந்து இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆஸ்பத்திரியில் எடுப்பது போல 'சி.டி. ஸ்கேன்' எடுக்கலாம். காற்றுக் குமிழியும் சுருக்கமும் படத்தில் தெரியும். வெளியே இருந்து இடித்ததால் வந்த உடைவா, உள்ளே பசை பிடிக்காமல் வந்த பிரிவா என்று அனுபவம் உள்ளவர்கள் பெரும்பாலும் பிரித்துச் சொல்ல முடியும்.

'போயிங் 787' விமானத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி, கார்பன் போன்ற இழைக் கலவைதான். அந்த விமானம் 2011-ம் ஆண்டு முதல் பயணிகளை ஏற்றிப் பறக்கிறது. அந்தப் பாகங்களை ஒலி அலையால் சோதிக்கிறார்கள். வித்தை தெரியாத வித்தை அல்ல!

செலவு ஆகுமே என்பார்கள். ஆகும்தான். லட்சக்கணக்கில் விலை வாங்குகிற பொருளுக்கு, சந்தேகம் வந்த ஒரு பிரேமை மட்டும் சோதிக்கும் செலவு கம்பெனியைக் கவிழ்த்துவிடாது. அந்தச் செலவு தனி மனிதர் தலையில் விழுந்தால்தான் அவரைக் கவிழ்க்கும்.

பேர் கெடுமே என்ற பயம் வேண்டாம்

"குறையை ஒப்புக்கொண்டால் பேர் கெட்டுவிடும்" என்று கம்பெனிகள் அஞ்சுகின்றன. நடந்ததைப் பார்த்தால் இந்த அச்சம் சரி என்று தோன்றவில்லை.

2021-ம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி பெல்ஜியத்தில் ஒரு பந்தயம். நெதர்லாந்து வீரர் மாத்யூ வான் டெர் பூலின் ஹேண்டில் பார் ஓட்டத்தின் நடுவே முறிந்தது. அது கார்பன் ஹேண்டில் பார். சைக்கிள் ஜெர்மனியின் 'கேன்யன்' கம்பெனி செய்தது. கம்பெனி என்ன செய்தது? "இந்த மாதிரிச் சைக்கிளை யாரும் ஓட்ட வேண்டாம்" என்று வாங்கியவர்களுக்கு அறிவித்தது. பிறகு பாகத்தைப் புதிதாக வடிவமைத்து மாற்றிக் கொடுத்தது.

அதே 2021-ல் அமெரிக்காவின் 'ஸ்பெஷலைஸ்டு' கம்பெனியும் ஒரு மாதிரியைத் திரும்ப அழைத்தது. முன் போர்க்கின் கார்பன் தண்டு, அதன் மேல் அழுத்தும் வளையத்தால் சேதம் ஆகலாம் என்று தெரிய வந்தது. இலவசமாகச் சரி செய்து கொடுப்பதாக அறிவித்தார்கள்.

2023-ல் ஜப்பானின் 'ஷிமானோ' கம்பெனியின் கிராங்குகளில் ஒட்டு விட்டுப் பிரியும் குறை வெளிப்பட்டது. அது கார்பன் அல்ல. ஒட்டிச் செய்த அலுமினியம். அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 லட்சத்து 80 ஆயிரம் கிராங்குகளைச் சோதனைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். 4,519 கிராங்குகள் பிரிந்ததாகப் புகார் வந்திருந்தது. 6 பேர் காயம் அடைந்திருந்தனர். சோதனையைக் கடைகளில் இலவசமாகச் செய்தார்கள். குறை தெரிந்தால் மாற்றிக் கொடுத்தார்கள்.

இந்த மூன்று கம்பெனிகளும் கடையை மூடிவிட்டனவா? இல்லையே! இன்றும் விற்கின்றன. ஆனால் இவை எல்லாம் பல பேருக்கு ஒரே குறை வந்தபோது எடுத்த நடவடிக்கைகள். ஆயிரம் பேருக்குக் குறை வந்தால் நியாயம் கிடைக்கிறது. ஒருவருக்கு மட்டும் குறை வந்தால்? "நீ மோதினாய்" என்ற பதில்தானா? அந்த ஒருவருக்காகத்தான் பேசுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐரோப்பிய நாடுகளில் 2022 ஜனவரி முதல் ஒரு விதி நடப்பில் இருக்கிறது. பொருள் கொடுத்த நாளில் இருந்த குறைக்கு, விற்றவர் 2 ஆண்டு பொறுப்பு. முதல் ஓராண்டுக்குள் குறை தெரிந்தால், அது விற்றபோதே இருந்தது என்று கொள்ள வேண்டும். "இல்லை" என்றால், விற்றவர்தான் நிரூபிக்க வேண்டும். இங்கிலாந்தில் இந்தக் காலம் 6 மாதம்.

நம் நாட்டில் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது 2020 ஜூலையில் நடப்புக்கு வந்தது. நல்ல சட்டம். நீங்கள் குடியிருக்கும் ஊரை உள்ளடக்கிய மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வெளிநாட்டுக் கம்பெனிக்கு நோட்டீசு சேர்க்க முடியாவிட்டால், விற்றவரையே பொறுப்பாக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

சோதித்துப் பார்க்காமல் தெரியாத குறை என்றால், ஆணையம் பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பும். 45 நாளில் அறிக்கை வர வேண்டும். ஆனால், சோதனைக் கட்டணத்தை முதலில் புகார் செய்தவரே கட்டும்படி ஆணையம் கேட்கலாம். முள் இங்கேதான் இருக்கிறது. பானையைத் தட்டிப் பார்க்க முடியாதபடி பெயிண்ட் அடித்து விற்றவர் ஒருவர். தட்டிப் பார்க்கும் கூலி கொடுப்பவர் மற்றொருவரா?

செய்ய வேண்டியது என்ன?

1. முதல் 2 ஆண்டுக்குள் பிரேமில் விரிசல் வந்தால், அது தயாரிப்புக் குறை என்றே கொள்ள வேண்டும். மோதல் என்று கம்பெனி சொன்னால், கம்பெனியே நிரூபிக்கட்டும்.

2. சோதனைச் செலவைக் கம்பெனி ஏற்க வேண்டும். சோதனையில் மோதல் என்று தெளிவாகத் தெரிந்தால், அந்தச் செலவை வாங்கியவரிடம் கேட்கட்டும். பொய்ப் புகாரும் தானாகக் குறைந்துவிடும்.

3. "காரண்டி செல்லாது" என்று ஒரு வரியில் முடிக்கக் கூடாது. காரணத்தை எழுத்தில், படத்துடன் தர வேண்டும். 30 நாளுக்குள் தர வேண்டும்.

4. பிரேம் குறை உள்ளது என்று ஒப்புக்கொண்டால், கழற்றிப் பூட்டும் கூலியும் அனுப்பும் செலவும் கம்பெனியைச் சேர வேண்டும்.

5. "ஆயுள்" என்ற மயக்கச் சொல் வேண்டாம். 5 ஆண்டா, 10 ஆண்டா? எண்ணில் போடுங்கள். மிச்சக் காலம் இரண்டாவதாக வாங்கியவருக்கும் போகட்டும். பிரேமில் குறை இருந்தால், ஆள் மாறியதால் குறை மறைந்துவிடாது.

6. தமிழ்நாட்டில் விற்கும் சைக்கிளின் காரண்டிக் காகிதம் தமிழிலும் இருக்க வேண்டும்.

வாங்குவோர் கவனிக்க!

நியாயம் வரும் வரை நாமும் உஷாராக இருக்க வேண்டும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பிரேம் எண்ணைப் படம் பிடித்து வையுங்கள். அது பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் இருக்கும். கம்பெனியில் பெயர் பதிவு செய்ய வேண்டும் என்றால், கெடு தவறாமல் செய்யுங்கள்.

திருகுகளை முடுக்க அளவு காட்டும் ரெஞ்ச் உண்டு. அது இல்லாதவரிடம் கார்பன் சைக்கிளைக் கொடுக்காதீர்கள். பாகத்தில் அச்சிட்ட அளவுக்கு மேல் முடுக்கவே கூடாது. மிகமிக மலிவாக, பெரிய கம்பெனியின் பெயர் போட்ட பிரேம் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். போலிகள் உலவுகின்றன.

விரிசல் தெரிந்தால், அந்த நொடியே ஓட்டுவதை நிறுத்துங்கள். "இன்று ஒரு நாள்தானே" என்ற எண்ணம் வேண்டாம். நாள் தெரியும்படி படம் எடுங்கள். புகாரை வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. காரணம் எழுந்த நாளில் இருந்து 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் சரக்கில் உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது. அதனால்தான் "ஆயுள்" என்று எழுதினீர்கள். அந்த நம்பிக்கை உண்மை என்றால், சந்தேகம் வந்த பிரேமைத் திறந்து பார்க்க ஏன் தயங்க வேண்டும்? பாருங்கள். பார்த்ததை எங்களுக்கும் காட்டுங்கள். காரண்டி என்பதற்கு அதுதான் பொருள்.